முதலில் ரவுட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள்

பட்டுக்கோட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். முன்பு அது பிரவுசிங் சென்டர். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு ஆறு கேபினையும் கழற்றிவிட்டு, ஒரு நீள மேசையும் சால்டரிங் அயர்னுமாக மாறிக்கொண்டேன். வாரத்துக்கு ஒருவராவது ரவுட்டரை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருவார். “அண்ணே, நெட் அடிக்கடி கட்டாகுது. அப்டேட் பண்ணா சரியாயிடும்னு யூட்யூப்ல சொன்னாங்க. கொஞ்சம் பண்ணிக் கொடுங்க.” நான் பதில் சொல்வதற்கு முன்னால் பெட்டியை வாங்கிக் கவிழ்ப்பேன். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வேலையில் பாதி அதைப் படிப்பதுதான். மீதிப் பாதி, ஏதாவது தப்பானால் எப்படித் திரும்பி வருவது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்வது. ஃபர்ம்வேர் ஏற்றுவது என்னவோ மூன்று நிமிட வேலை.

ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: ரவுட்டர் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். பிராசசர் இருக்கிறது, ராம் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு ஃபிளாஷ் சிப் இருக்கிறது. அந்தச் சிப்பில் எழுதியிருக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். கம்ப்யூட்டரில் விண்டோஸ் மாதிரி.

நெட் மெதுவாக இருப்பதற்கும் ஃபர்ம்வேருக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. பீரோவுக்குப் பின்னால் வைத்த ரவுட்டருக்கு எந்த ஃபர்ம்வேர் போட்டாலும் சமையலறையில் சிக்னல் வராது. அப்டேட் செய்யச் சொல்வதற்கு உண்மையான காரணம் பாதுகாப்பு. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்ட்டர் என்ற தீம்பொருளைப் பற்றி அறிவிப்பு வந்தது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் அதுபோன்ற கருவிகளிலும் அது புகுந்திருந்தது. அமெரிக்காவின் எஃப்பிஐயே மக்களிடம் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இப்படிப் புகுவதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. வருஷக்கணக்கில் அப்டேட் பார்க்காத பெட்டியில் ஊருக்கே தெரிந்த ஓட்டை இருக்கும், அது போதும்.

எதைத் தொடக்கூடாது

நெட் கம்பெனிக்காரர் ஃபைபர் இழுத்துக் கொடுக்கும்போது சுவரில் மாட்டிவிட்டுப் போகும் வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, அதன் ஃபர்ம்வேரில் கை வைக்காதீர்கள். அது ஓஎன்டி, ஃபைபரில் வரும் நெட்டை லேன் கேபிளுக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி. அதற்கு அப்டேட் அவர்கள் பக்கத்திலிருந்தே லைன் வழியாக வரும். நீங்கள் எங்கிருந்தோ ஒரு ஃபைலை எடுத்து ஏற்றினால், கம்பெனி சர்வருக்கும் பெட்டிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் லைனே வராமல் போகலாம். அப்புறம் ஆள் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இப்படி ஒருவர் எட்டு நாள் காத்திருந்துவிட்டு, கடைசியில் என் கடைக்கு வந்து என்னைத் திட்டினார். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் இங்கே சொல்வதெல்லாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கி, அந்த ஓஎன்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் சொந்த ரவுட்டருக்கு.

ஸ்டிக்கரில் என்ன பார்க்க வேண்டும்

மாடல் பெயர் எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதற்குப் பக்கத்திலோ கீழேயோ பொடி எழுத்தில் ‘வெர்’ என்று போட்டு ஓர் எண் இருக்கும். முக்கியம் அதுதான். ஒரே பெயரில், ஒரே டப்பாவில், உள்ளே வேறு சிப்பை வைத்து விற்பது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

உதாரணத்துக்கு டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7. நான் அதிகம் கையாண்ட பெட்டி, என் வீட்டிலும் அதுதான். வி1 முதல் வி5 வரை வந்தது. வி2வும் வி5உம் 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம். ஆனால் பிராசசர் வேறு, அதனால் ஃபர்ம்வேர் ஃபைலும் வேறு. வி1இல் இன்னொரு வில்லங்கம்: அதன் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ சிப் மிகப் பழைய பதிப்பு, திறமூல டிரைவர் (யாரும் பார்க்கும்படி எழுதிய, சிப்பை இயக்கும் நிரல்) அதை ஏற்காது. அதாவது கம்பெனி ஃபர்ம்வேரை எடுத்துவிட்டு, ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச மாற்று ஃபர்ம்வேர் போட்டால் 2.4 மட்டும் வேலை செய்யும், 5 வராது. காலேஜ் படிக்கும் தம்பி ஒருவன் செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கி வந்தான். விளம்பரத்தில் ‘வி2’ என்று போட்டிருந்ததாம். கவிழ்த்தேன். 1.1. “விக்கிறவர்கிட்ட அடிப்பக்கம் போட்டோ கேட்டியா?” என்றேன். தலையைச் சொறிந்தான்.

இந்தக் கதை இன்று நேற்றல்ல. இப்போது நாம் பேசும் மாற்று ஃபர்ம்வேர்களுக்கெல்லாம் பாட்டி, லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கருப்புமான பெட்டி. 2002 கடைசியில் சந்தைக்கு வந்தது. உள்ளே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடுகிறது என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமம் ஜிபிஎல். அதன்படி மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும் என்று பிடித்த பிடியில் 2003இல் கம்பெனி அதை வெளியிட்டது. அதை வைத்து 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. பெயரில் இருக்கும் ‘டபிள்யூஆர்டி’யே அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். ஆனால் அதே டபிள்யூஆர்டி54ஜியின் வி5 வந்தபோது உள்ளே லினக்ஸ் இல்லை. ராமும் ஃபிளாஷும் பாதியாகிவிட்டன. வெளியே பார்த்தால் அதே நீலப் பெட்டி. லினக்ஸ் வேண்டும் என்றவர்களுக்காகப் பெயரில் ஓர் ‘எல்’ சேர்த்து 54ஜிஎல் என்று தனியாக விற்றார்கள்.

ஆகவே ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மாடல், வெர்ஷன், அப்புறம் இந்தியாவுக்கா ஐரோப்பாவுக்கா என்ற நாட்டுக் குறியீடு இருந்தால் அதுவும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த ரவுட்டருக்கு இந்தியப் பக்கத்து ஃபைல் பொருந்தாமல் போகலாம்.

எந்த ஃபர்ம்வேர்?

கம்பெனியின் தளத்துக்குப் போய் உங்கள் மாடல், உங்கள் வெர்ஷன் பக்கத்தில் கடைசி ஃபைலின் தேதியைப் பாருங்கள். கடந்த ஒரு வருஷத்துக்குள் வந்திருந்தால், அதையே போடுங்கள். யோசிக்க ஒன்றுமில்லை. அந்தக் கம்பெனிக்கு உங்கள் பெட்டி இன்னும் நினைவில் இருக்கிறது என்று அர்த்தம்.

தேதி மூன்று நான்கு வருஷம் பழசாக இருந்தால், கம்பெனி கைகழுவிவிட்டது. அப்போது இரண்டு வழி: புது ரவுட்டர், அல்லது மாற்று ஃபர்ம்வேர். மாற்றில் நான் முதலில் பார்ப்பது ஓப்பன் டபிள்யூஆர்டி. அவர்கள் தளத்தில் ‘ஃபர்ம்வேர் செலக்டர்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. மாடல் பெயரை அடித்தால் வெர்ஷன் வாரியாகப் பட்டியல் வரும். உங்கள் எண் அதில் இல்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள். ‘கிட்டத்தட்ட இதே மாதிரிதான்’ என்று பக்கத்து எண்ணைத் தேர்ந்தெடுப்பவர்களால்தான் என் கடை ஓடுகிறது.

பட்டியலில் இருந்தாலும் ஃபிளாஷும் ராமும் பார்க்க வேண்டும். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் என்று மலிவாக வந்த பெட்டிகளுக்கு 19.07தான் கடைசிப் பதிப்பு. இணையத்தில் அந்தப் பழைய ஃபைல் இன்னும் கிடைக்கும். போடாதீர்கள். அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது எப்போதோ நின்றுவிட்டது, பழைய கம்பெனி ஃபர்ம்வேரை எடுத்துவிட்டு இன்னொரு பழைய ஃபர்ம்வேர் போட்ட கதைதான். 8/64 பெட்டிகளும் இப்போது திணறுகின்றன. 16/128க்குக் கீழே நான் கை வைப்பதில்லை.

சிப்பும் முக்கியம். குவால்காம் அத்தெரோஸ், மீடியாடெக் சிப் உள்ளவற்றில் ஓப்பன் டபிள்யூஆர்டி நன்றாக ஓடும். பிராட்காம் வைஃபை சிப்புக்குச் சரியான திறமூல டிரைவர் கிடையாது, அங்கே வைஃபை அரைகுறையாகத்தான் வரும். பிராட்காம் பெட்டி என்றால் ஃப்ரெஷ் டொமேட்டோ என்ற இன்னொரு மாற்று ஃபர்ம்வேரின் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். ஏசுஸ் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு மெர்லின் என்று ஒன்று உண்டு. கம்பெனியின் சொந்த ஃபர்ம்வேரையே எடுத்துச் செப்பனிட்டது, முகப்பும் பழகியதாகவே இருக்கும். அதுவும் குறிப்பிட்ட சில மாடல்களுக்குத்தான்.

யாருக்கு மாற்று ஃபர்ம்வேர் வேண்டாம் என்பேன்? 300, 500 எம்பிபிஎஸ் பிளான் வைத்துக்கொண்டு பழைய பெட்டியில் ஓட்டுபவர்களுக்கு வேண்டாம். கம்பெனி ஃபர்ம்வேரில் டேட்டா பாக்கெட்டுகளைச் சிப்பே நேரடியாகத் தள்ளிவிடும் வசதி இருக்கும். மாற்றில் பல மாடல்களில் அது இருக்காது. அந்த வேலையும் பழைய பிராசசர் தலையில் விழும், வேகம் குறையும். 100 எம்பிபிஎஸ் பிளானுக்குக் கவலையே இல்லை.

இன்னொரு வகை வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. மகன் சிங்கப்பூரில், வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். லீவில் வந்த மகன் ஆசையாக ஓப்பன் டபிள்யூஆர்டி போட்டுவிட்டுப் போவான். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒன்று நிற்கும். அப்பா என் கடைக்குப் பெட்டியோடு வருவார், பாஸ்வேர்டு தெரியாது. அந்த வீட்டுக்குக் கம்பெனி ஃபர்ம்வேரும் போன் ஆப்பும்தான் சரி.

கழற்றுவதற்கு முன்

ரவுட்டரைக் கழற்றினால் வீட்டில் நெட் இருக்காது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். தேவையான எல்லா ஃபைலையும் முதலிலேயே லேப்டாப்பில் இறக்கி ஒரே ஃபோல்டரில் வையுங்கள்: ஏற்றப்போகும் ஃபைல், திரும்பி வருவதற்குக் கம்பெனியின் கடைசி ஃபைல், பிறகு சொல்லப்போகும் டிஎஃப்டிபி மென்பொருள் (லேன் கேபிள் வழியாக ரவுட்டருக்கு ஃபைல் கொடுப்பது), உங்கள் மாடலுக்கான மீட்பு வழிமுறைப் பக்கத்தின் பிரதி.

கம்பெனி ஃபைல் பெரும்பாலும் ஜிப்பாக வரும். விரித்து உள்ளே இருக்கும் ‘பின்’ ஃபைலை மட்டும்தான் ஏற்ற வேண்டும், ஜிப்பை அப்படியே அல்ல. டிபி-லிங்க் ஃபைல் பெயர் நடுவில் ‘பூட்’ என்ற சொல் இருந்தால், அதில் பூட்லோடரும், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடி ஃபர்ம்வேரைத் தொடங்கிவைக்கும் குட்டி நிரலும், சேர்ந்திருக்கிறது. மாற்று ஃபர்ம்வேரிலிருந்து கம்பெனிக்குத் திரும்பும்போது அந்த ஃபைலை அப்படியே போடக்கூடாது. பூட்லோடர் பகுதியை வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும். பூட்லோடர் போனால் டிஎஃப்டிபியும் காப்பாற்றாது.

இறக்கிய ஃபைல் முழுசா என்று சரிபாருங்கள். ஓப்பன் டபிள்யூஆர்டி பக்கத்தில் ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி எஸ்ஹெச்ஏ-256 என்ற நீள எண் கொடுத்திருப்பார்கள். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து அதே எண்ணை எடுக்கலாம். முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் ஒத்துப்போனால் எனக்குப் போதும்.

அப்புறம் ரவுட்டரின் ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். குறிப்பாக பிபிபிஓஇ, அதாவது நெட் கம்பெனியோடு இணைவதற்கான யூசர் நேம், பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அதனால் இப்போதே நெட் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டு எழுதி வையுங்கள். பேக்கப் ஃபைலும் எடுக்கலாம், ஆனால் அது அதே ஃபர்ம்வேருக்குத்தான் உதவும். கம்பெனி பேக்கப்பை ஓப்பன் டபிள்யூஆர்டியில் ஏற்ற முடியாது.

லேன் கேபிள் வேண்டும். வைஃபையில் இந்த வேலை ஆகாது. லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்குங்கள், வீட்டுக்கு எப்போதும் பயன்படும்.

கடைசியாக, கரண்ட். அதைப் பற்றிக் கீழே என் சொந்தக் கதை வருகிறது.

கம்பெனி ஃபைல் ஏற்றுவது

பிரவுசரில் ரவுட்டரின் முகவரி அடியுங்கள். டிபி-லிங்க்கில் 192.168.0.1. உள்ளே போய் அட்வான்ஸ்டு, சிஸ்டம் டூல்ஸ், ஃபர்ம்வேர் அப்கிரேடு. அங்கே இப்போது இருக்கும் பதிப்பும் ஹார்டுவேர் வெர்ஷனும் எழுதியிருக்கும், ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். ‘செக்’ பட்டனை அமுக்கினால் ‘புதுசு எதுவும் இல்லை’ என்று வந்தாலும் நம்பாமல் தளத்தில் ஒரு முறை பாருங்கள். ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். சதவீதம் ஓடும், தானே ரீஸ்டார்ட் ஆகும். அதற்குள் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்வது, பிளக்கைப் பிடுங்குவது எதுவும் கூடாது. டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

ஓப்பன் டபிள்யூஆர்டி ஏற்றுவது

அதே பக்கத்தில், கம்பெனி ஃபைலுக்குப் பதில் ஓப்பன் டபிள்யூஆர்டி ஃபைல். ஆனால் ஒரே மாடலுக்கு இரண்டு ஃபைல் இருக்கும். பெயர் கடைசியில் ‘ஃபேக்டரி’ என்று இருப்பது, கம்பெனி ஃபர்ம்வேரிலிருந்து முதன்முறை மாறுவதற்கு. ‘சிஸ்அப்கிரேடு’ என்று இருப்பது, ஏற்கெனவே ஓப்பன் டபிள்யூஆர்டி ஓடும் பெட்டியில் புதுப் பதிப்பு போடுவதற்கு. மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஃபைல் பெயர் மிக நீளமாக இருந்து கம்பெனிப் பக்கம் ஏற்க மறுத்தால், சின்னப் பெயராக மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

ரீஸ்டார்ட் ஆன பிறகு பலர் பதறுவது இங்கேதான்: வைஃபை காணோம்! காணாமல் போகவில்லை. ஓப்பன் டபிள்யூஆர்டியில் வைஃபை ஆஃப் ஆகத்தான் வரும். லேன் கேபிளில் 192.168.1.1 போங்கள். பாஸ்வேர்டு காலியாக இருக்கும், முதல் வேலையாக ஒன்று வையுங்கள்.

அடுத்தது எங்கள் ஊரில் பத்துக்கு ஐந்து வீட்டில் வரும் சிக்கல். ஓஎன்டியும் 192.168.1.1, ஓப்பன் டபிள்யூஆர்டியும் 192.168.1.1. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் போஸ்ட்மேன் என்ன செய்வார்? நெட் வரவே வராது. ஃபர்ம்வேர் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். லேன் முகவரியை 192.168.5.1 மாதிரி வேறாக மாற்றி, சேவ் செய்து, கேபிளைக் கழற்றி மாட்டினால் தீர்ந்தது.

வைஃபை பக்கத்தில் நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று வையுங்கள், பாதுகாப்பு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3. வேறு நாடு போட்டால் பவர் கூடும் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். எந்தச் சேனலில் எவ்வளவு பவர் என்பது சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம்.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் என்ன என்றால், பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர எனக்குப் பிடித்தது எஸ்க்யூஎம் என்ற, தனியாக நிறுவிக்கொள்ளும் வசதி. வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை கூகுள் டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரின் வீடியோ காலில் முகம் உறைந்து நிற்கிறதல்லவா, அதற்கு மருந்து. லைன் வேகத்தை அளந்து, அதில் 90 சதவீதத்தை ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் எழுதி, ‘கேக்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். வேகத்தில் பத்துச் சதவீதம் போகும், தாமதம் போய்விடும். ஆர்ச்சர் சி7இல் 100 எம்பிபிஎஸ் லைனுக்கு இது தாராளமாக ஓடுகிறது. 150, 200 என்று போனால் பிராசசருக்கு மூச்சு வாங்கும்.

இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பிளக்

2018 நவம்பரில் கஜா புயல் வந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த பிறகு, வீட்டுக்குப் பெரிய இன்வெர்ட்டர் வாங்கினேன். அந்தத் தைரியத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு ஆர்ச்சருக்குப் புதுப் பதிப்பு போட உட்கார்ந்தேன். ஃபைல் ஏறியது, ‘ஃபிளாஷிங்’ என்று வந்தது, கரண்ட் போனது. ஃபேன் ஓடியது, லைட் எரிந்தது, டிவி ஓடியது. ரவுட்டர் மட்டும் இருட்டு. அந்த பிளக் பாயிண்ட் ஃபிரிட்ஜ் லைனில் இருந்தது; இன்வெர்ட்டர் லைனில் இல்லை. அந்த வீட்டுக்கு வயரிங் பார்த்ததே நான்தான்.

கரண்ட் வந்த பிறகு பவர் விளக்கு மட்டும் எரிந்தது. 192.168.1.1 இல்லை, 0.1 இல்லை. “நாளைக்கு எனக்கு ஆன்லைன் டெஸ்ட்பா” என்றாள் மகள். நான் ஒன்றும் பேசவில்லை.

ஆர்ச்சர் சி7இல் நல்ல விஷயம், பூட்லோடர் தனியாக இருக்கிறது. ரீசெட் பட்டனை அமுக்கிக்கொண்டே ஆன் செய்தால், அது லேன் வழியாக ‘192.168.0.66இல் யாராவது இருக்கிறீர்களா, எனக்கு ஒரு ஃபைல் கொடுங்கள்’ என்று கேட்கும். அந்த 66 நம் லேப்டாப். நெட்வொர்க் செட்டிங்கில் முகவரியைக் கையாலேயே 192.168.0.66 என்றும் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் வைக்க வேண்டும், வைஃபையை ஆஃப் செய்ய வேண்டும். டிஎஃப்டிபிடி64 என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ஃபைல் இருக்கும் ஃபோல்டரைக் காட்ட வேண்டும். ‘ஃபேக்டரி’ ஃபைலின் பெயரை ரவுட்டர் கேட்கும் பெயருக்கு எழுத்துப் பிசகாமல் மாற்ற வேண்டும். வி5க்கு அது ஆர்ச்சர்சி7வி5, ஓர் அடிக்கோடு, டிபி, ஓர் அடிக்கோடு, ரெகவரி. கடைசியில் புள்ளி பின். பெரிய எழுத்து சின்ன எழுத்துவரை அப்படியே. மற்ற வெர்ஷன்களுக்குப் பெயர் வேறு. ஓப்பன் டபிள்யூஆர்டி தளத்தில் அந்தந்த மாடல் பக்கத்திலிருந்து காப்பி செய்துகொள்ளுங்கள்.

முதல் முறை: பட்டனை அமுக்கி, ஆன் செய்து, 15 விநாடி எண்ணி, விட்டேன். ஒன்றுமில்லை. மென்பொருளின் லாக் ஜன்னலில் ஒரு வரிகூட வரவில்லை. விண்டோஸ் ஃபயர்வால் கேள்வியை உள்ளே விடாமல் தடுத்திருந்தது. அதை ஆஃப் செய்தேன். இரண்டாம் முறை லாக்கில் ஒரு வரி வந்தது: இந்தப் பெயரில் ஃபைல் கேட்கிறது, கிடைக்கவில்லை. பெயரைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. விண்டோஸ் ஃபைலின் வால் பெயரை மறைத்து வைக்கும் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நான் அடித்த ‘புள்ளி பின்’னும் ஏற்கெனவே இருந்த ‘புள்ளி பின்’னும் சேர்ந்து இரண்டு வால். ஒன்றை வெட்டினேன். மூன்றாம் முறை லாக்கில் பிளாக் பிளாக்காக எண்கள் ஓடின. ஒரு நிமிடத்துக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன.

லாக் ஜன்னலைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வரியே வரவில்லையென்றால் கேபிள், முகவரி அல்லது ஃபயர்வால். வரி வந்தும் ஃபைல் இல்லை என்றால் பெயர். எல்லாம் சரியாக இருந்தும் வரி வரவில்லையென்றால், ரவுட்டர் ஆன் ஆகும் நொடியில் லேப்டாப்பின் லேன் விழித்துக்கொள்ளத் தாமதமாகிறது என்று அர்த்தம். நடுவில் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்சை மாட்டுங்கள், லேப்டாப் பக்கத்து இணைப்பு அறுபடாமல் இருக்கும். வேலை முடிந்ததும் ஃபயர்வாலை ஆன் செய்து, லேப்டாப் முகவரியைத் தானியங்கிக்கு மாற்ற மறக்காதீர்கள். அன்று ராத்திரி நான் மறந்தேன். மறுநாள் கடையில் லேப்டாப்புக்கு நெட் வரவில்லை என்று அரைமணி நேரம் தேடினேன்.

இவ்வளவு தூரம் போக வேண்டியிராத சந்தர்ப்பமும் உண்டு. ஃபர்ம்வேர் நன்றாக இருந்து, நாம் தப்பாகப் போட்ட செட்டிங்கால் மட்டும் உள்ளே போக முடியவில்லை என்றால், பூட் ஆகும்போது விளக்கு மினுக்கும் நேரத்தில் ரீசெட்டை ஒரு தட்டுத் தட்டினால் ஃபெயில்சேஃப் நிலைக்குப் போகும். அங்கிருந்து செட்டிங்கை அழித்துவிட்டுப் புதுசாகத் தொடங்கலாம்.

அதற்கப்புறம்

ஓப்பன் டபிள்யூஆர்டி போட்டதோடு வேலை முடியாது, அதற்கும் புதுப் பதிப்பு வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தளத்தை எட்டிப் பாருங்கள். பதிப்பு எண்ணில் கடைசிப் புள்ளி எண் மட்டும் மாறியிருந்தால், ‘செட்டிங்கை வைத்துக்கொள்’ என்பதை டிக் செய்து சிஸ்அப்கிரேடு ஃபைலை ஏற்றலாம். 23.05இலிருந்து 24.10 என்பது மாதிரி பெரிய எண்ணே மாறினால் முதலில் வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். சில மாடல்களில் பழைய செட்டிங்கை எடுத்துப் போனால் போர்ட்டுகள் குழம்பும். அப்போது டிக்கை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கையால் போடுவதுதான் சீக்கிரம் முடிகிற வழி. எஸ்க்யூஎம் மாதிரி நீங்கள் தனியாக நிறுவியவை இப்படி ஃபைல் ஏற்றிச் செய்யும் அப்கிரேடில் போய்விடும், மறுபடி நிறுவ வேண்டும்.

கம்பெனி ஃபர்ம்வேரோ மாற்றோ, ஏற்றி முடித்ததும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பட்டனை அமுக்கி வைஃபையில் சேரும் டபிள்யூபிஎஸ்ஸையும் வெளியிலிருந்து நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட்டையும் ஆஃப் செய்யுங்கள்.

கடையிலிருந்து போகும் ரவுட்டர் ஒவ்வொன்றிலும், அடியில் கம்பெனி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், பள்ளி நோட்டு லேபிளில் நான்கு வரி எழுதி ஒட்டி அனுப்புகிறேன்: என்ன ஃபர்ம்வேர், எந்தப் பதிப்பு, ஏற்றிய தேதி, உள்ளே போகும் முகவரி. என் வீட்டுப் பெட்டியில் மட்டும் ஐந்தாவதாக ஒரு வரி உண்டு: ‘பிளக்கை ஹால் பாயிண்ட்டுக்கு மாற்றிவிட்டுத் தொடவும்.’